கம்ப்யூட்டரில் கார்கஸோன்: ஊர் கட்டலாம், கோட்டை பிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும்? பெரியவர்கள் மெயில் அனுப்பப் பழகுவார்கள். பிள்ளைகள் கேம்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன், எட்டாம் வகுப்புப் பையன், "மாமா, சுடுற கேமும் கார் ரேஸும் போரடிக்குது. வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். அவனுக்காக நான் தேடி எடுத்ததுதான் கார்கஸோன்.

இது சுடுகிற கேம் இல்லை, ஓடுகிற கேமும் இல்லை. வேகமாக மவுஸைத் தட்டவும் வேண்டாம். உட்கார்ந்து யோசித்து ஆடும் போர்டு கேம். அதைக் கம்ப்யூட்டரில் ஆடலாம். ஒரு மாதம் ஆடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான்.

எங்கிருந்து வந்தது?

தெற்கு பிரான்ஸில் கார்கஸோன் என்ற ஊர் இருக்கிறது. இரட்டை மதில்களும் 52 கோபுரங்களும் கொண்ட பழைய கோட்டை நகரம். யுனெஸ்கோ 1997-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஊரின் பெயரை வைத்து ஜெர்மனியைச் சேர்ந்த க்ளாஸ்-யூர்கன் விரேடே என்பவர் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். ஹான்ஸ் இம் க்ளூக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2000-ல் இதை வெளியிட்டது. அடுத்த வருடமே, அதாவது 2001-ல், ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது இதற்குக் கிடைத்தது.

அட்டைப் பெட்டியில் வந்த ஆட்டம் பிறகு கம்ப்யூட்டருக்கும் வந்தது. 2007-ல் எக்ஸ்பாக்ஸ், 2010-ல் ஐபோன், 2017-ல் ஸ்டீம் வழியாக விண்டோஸ் என்று பல பதிப்புகள் வெளியாயின.

ஆட்டம் எப்படி?

மொத்தம் 72 சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் சாலை, நகரம், வயல், மடாலயம் ஆகியவற்றின் துண்டுகள் வரையப்பட்டிருக்கும். ஒரு அட்டை நடுவில் ஆரம்ப அட்டையாக இருக்கும். மீதி 71 அட்டைகள் கலைத்து வைக்கப்படும். 2 பேர் முதல் 5 பேர் வரை ஆடலாம்.

உங்கள் முறை வரும்போது செய்ய வேண்டியவை மூன்று:

1. ஒரு அட்டையை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் அட்டைகளை ஒட்டி வைக்க வேண்டும். விளிம்புகள் பொருந்த வேண்டும். சாலைக்குச் சாலை, நகரத்துக்கு நகரம், வயலுக்கு வயல்.

2. விருப்பம் இருந்தால், இப்போது வைத்த அந்த அட்டையின் மேல் மட்டும் உங்கள் ஆள் ஒருவரை நிறுத்தலாம். ஒவ்வொருவருக்கும் 7 ஆட்கள். இந்தச் சின்ன மரப் பொம்மைகளை மீப்பிள் என்று சொல்வார்கள். சாலையில் நின்றால் வழிப்பறிக்காரர், நகரத்தில் நின்றால் வீரர், மடாலயத்தில் நின்றால் துறவி, வயலில் படுத்தால் விவசாயி.

3. ஏதாவது முழுமை அடைந்தால் புள்ளி வாங்கிக்கொண்டு, ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

புள்ளிக் கணக்கு

சாலை: இரண்டு முனையும் முடிந்துவிட்டால் அட்டைக்கு 1 புள்ளி.

நகரம்: மதில் சுற்றி மூடிவிட்டால் அட்டைக்கு 2 புள்ளி. உள்ளே கேடயச் சின்னம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2.

மடாலயம்: அதைச் சுற்றியுள்ள எட்டு இடங்களும் நிரம்பினால் 9 புள்ளி.

வயல்: ஆட்டம் முடிந்த பிறகுதான் கணக்கு. அந்த வயலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முழுமையான நகரத்துக்கும் 3 புள்ளி. ஆனால் வயலில் படுத்த ஆள் கடைசி வரை எழுந்து வர மாட்டார்.

முடிக்காமல் விட்ட நகரத்துக்கு ஆட்டக் கடைசியில் பாதிதான். அட்டைக்கு 1, கேடயத்துக்கு 1. நான்கு அட்டை, ஒரு கேடயம் உள்ள நகரத்தை மூடினால் 10 புள்ளி. மூடாவிட்டால் 5.

கம்ப்யூட்டரில் என்ன வசதி?

அட்டைகளைக் கலைக்க வேண்டாம், அடுக்க வேண்டாம். ஒன்று காணாமல் போய்விட்டதே என்று கட்டிலுக்கு அடியில் தேட வேண்டாம். உங்களுக்கு வரும் அட்டை திரையின் ஓரத்தில் தெரியும். அதை வைக்கக்கூடிய இடங்கள் மட்டும் வெளிச்சமாகக் காட்டப்படும். கிளிக் செய்தால் அட்டை உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கிளிக் செய்தால் திரும்பும். தப்பான இடத்தில் வைக்க கம்ப்யூட்டர் விடவே விடாது. புள்ளியையும் அதுவே கூட்டிவிடும்.

துணைக்கு ஆள் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரையே எதிராளியாக வைத்து ஆடலாம். இரண்டு பேர் இருந்தால் ஒரே கம்ப்யூட்டரில் மவுஸை மாற்றி மாற்றி ஆடலாம். நானும் மருமகனும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

நான் ஏற்கெனவே சில தடவை ஆடியிருந்தேன். அவனுக்கு அதுதான் முதல் தடவை. "வெளிச்சம் வர்ற இடத்துல வை, போதும். போகப் போகப் புரியும்" என்று சொல்லி ஆரம்பித்துவிட்டேன். நான் செய்த தப்பு இதுதான்.

அந்த 22 புள்ளி

பையன் வேகமாகப் பிடித்துக்கொண்டான். சின்னச் சின்ன நகரமாக மூடாமல் ஒரே பெரிய நகரமாகக் கட்ட ஆரம்பித்தான். ஆறு அட்டை, இரண்டு கேடயம். மூட வேண்டியது ஒரே ஒரு ஓட்டைதான். உள்ளே அவனுடைய நீல வீரர் நின்றுகொண்டிருந்தார். "மாமா, இது முடிஞ்சா எவ்வளவு வரும்னு பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னான்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. ஒருவர் ஆள் நிற்கும் நகரத்தில் இன்னொருவர் நேராகப் போய் நிற்க முடியாது. ஆனால் பக்கத்தில் தனியாக ஒரு நகரத் துண்டை வைத்து அதில் ஆளை நிறுத்தலாம். பிறகு இரண்டையும் ஒரு அட்டையால் இணைக்கலாம். இணைந்த நகரத்தில் யாருக்கு அதிக ஆட்களோ அவருக்கே முழுப் புள்ளியும். சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி. அதிகம் உள்ளவர் இருந்தால் மற்றவருக்குப் பூஜ்யம்.

நான் அந்த ஓட்டையின் இரண்டாவது பக்கத்தில் ஒரு நகரத் துண்டை வைத்து ஓர் ஆளை நிறுத்தினேன். அவன் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது பக்கத்தில் இன்னொரு துண்டு, இன்னோர் ஆள். அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நான்காவது பக்கம் வயல். மூன்று பக்கம் நகரமும் ஒரு பக்கம் வயலும் உள்ள அட்டை எனக்கு வந்தது. வைத்தேன்.

ஒன்பது அட்டைக்கு 18. இரண்டு கேடயத்துக்கு 4. மொத்தம் 22 புள்ளி. என் பக்கம் இரண்டு ஆள், அவன் பக்கம் ஒன்று. கம்ப்யூட்டர் 22 புள்ளியையும் என் கணக்கில் ஏற்றியது. அவனுடைய நீல வீரர் சும்மா திரும்பிப் போனார்.

"மாமா, அது என் நகரம். கம்ப்யூட்டர் தப்பாப் போட்டிருக்கு."

"தப்பு இல்லடா. விதி அப்படித்தான்" என்றேன்.

"நீங்க சொல்லவே இல்லையே."

அவன் மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஆட்டத்தை முடிக்கக் கூட வரவில்லை.

இரண்டு நாள்

அடுத்த இரண்டு நாள் என்னோடு ஆட வரவில்லை. ஆனால் நான் வேலைக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டரை எதிராளியாக வைத்து ஆடியிருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் பின்னால் நின்று பார்த்தேன். கம்ப்யூட்டரும் அவன் நகரத்தை அதே மாதிரி இணைத்துப் பிடுங்கியது. அவன் கோபப்படவே இல்லை. "சே!" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தான்.

"நான் செஞ்சா கோபம், கம்ப்யூட்டர் செஞ்சா இல்லையா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "அது எனக்கு ஆடச் சொல்லித் தரலையே மாமா."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது நியாயம். விதிப்படிதான் ஜெயித்தேன். ஆனால் அந்த விதி எனக்கு மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் விதியை மீற விடாது, சரிதான். ஆனால் எங்கே வைக்கலாம் என்று காட்டுகிற வெளிச்சம், அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லாது. அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவர்களுக்கு இந்த அனுபவம் வேறு இடங்களிலும் வரும். திரையில் "ஓகே" என்று வந்தால் அழுத்துகிறோம். அழுத்தினால் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தானே தெரியும்?

பேப்பரில் எழுதினோம்

அன்று ராத்திரி ஒரு நோட்டுப் பேப்பரை எடுத்து எல்லா விதிகளையும் எழுதினேன். இணைப்பது, பங்கு போடுவது, விவசாயி, முடியாத நகரத்துக்குப் பாதிப் புள்ளி, எல்லாம். "முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்" என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் பேப்பரை வாங்கிப் படித்தான். பிறகு அவனே ஒரு வேலை செய்தான். 72 அட்டையில் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதினான். அதில் சில:

வளைந்த சாலை 9. நேர் சாலை 8. மடாலயம் 6. நான்கு சாலை கூடும் சந்திப்பு 1. நான்கு பக்கமும் நகரமாக உள்ள அட்டை 1. மூன்று பக்கம் நகரமாக உள்ளவை 7. அந்த ஏழில், நான்காவது பக்கம் வயலாக இருப்பவை 4, சாலையாக இருப்பவை 3.

எழுதி முடித்ததும் அவனுக்கே விஷயம் புரிந்தது. "மாமா, அந்த ஓட்டைக்கு நாலே நாலு அட்டைதான் பொருந்தும். நீங்க முதல் ஆளை வச்சதும் நான் மூணாவது பக்கத்தை அடைச்சிருக்கணும்."

சரியாகச் சொன்னான். மூன்றாவது பக்கத்தில் வயல் விளிம்பு உள்ள அட்டையை அவன் வைத்திருந்தால் என் இரண்டாவது ஆள் நுழைந்திருக்க முடியாது. ஆளுக்கு ஒன்று என்று சமமாகியிருக்கும். எட்டு அட்டை, இரண்டு கேடயம், இருவருக்கும் தலா 20 புள்ளி கிடைத்திருக்கும். அதோடு ஓட்டையை மூடுவதற்குப் பொருந்தும் அட்டைகளும் அதிகமாகியிருக்கும்.

எங்கள் பேப்பரில் இருந்து புதியவர்களுக்குச் சில குறிப்புகள்:

• ஏழு ஆட்களையும் சீக்கிரம் இறக்கிவிடாதீர்கள். கையில் ஒருவராவது இருக்கட்டும். ஆள் இல்லாதபோது மடாலயம் வந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

• ஒரு நகரம் பெரிதாக ஆக, பிறர் கண் அதன் மேல் விழும். நான்கைந்து அட்டையில் மூடிவிடுவது பத்திரம்.

• எதிராளி உங்கள் நகரத்துக்குக் குறுக்கே தனித் துண்டு வைத்து ஆளை நிறுத்தினால், அது சும்மா வைத்தது இல்லை. அடுத்த முறையே யோசியுங்கள்.

• எதிராளியின் நகரத்தை இணைக்க முடியாவிட்டால், அதன் ஓட்டைக்கு அரிதான அட்டை தேவைப்படும்படி செய்யலாம். நான்கு பக்கமும் நகரம் வேண்டும் என்றால் 72-ல் ஒன்றுதான். அது ஏற்கெனவே வந்துவிட்டால் அவருடைய ஆள் கடைசி வரை மாட்டிக்கொள்வார்.

• மீதி என்னென்ன அட்டைகள் இருக்கின்றன என்று சில பதிப்புகளில் பட்டியல் பார்க்கலாம். முதல் சில ஆட்டங்களில் அதைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

• விவசாயியின் கணக்கு ஆரம்பப் பதிப்புகளில் வேறு விதமாக இருந்தது. நீங்கள் ஆடும் மென்பொருளில் எந்த விதி என்று உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அக்காவின் கட்சி

ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துப் போக அக்கா வந்தாள். அவளையும் ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைத்தோம். அவளுக்குப் புள்ளியில் அக்கறை இல்லை. "கோலம் போடுற மாதிரி இருக்குடா. எங்கேயும் பொத்தல் இல்லாம முடிக்கணும்" என்று சொல்லி, யாருடைய நகரம் என்று பார்க்காமல் ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டே போனாள். மூன்றாவது இடம்தான் வந்தாள். ஆனால் மூவரில் அதிகம் ரசித்து ஆடியது அவள்தான். முடிந்ததும் திரையில் விரிந்து கிடந்த ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஆடவும் இந்த ஆட்டம் இடம் கொடுக்கிறது.

கடைசி ஆட்டம்

கிளம்புவதற்கு முன் நானும் அவனும் மட்டும் ஒரு ஆட்டம் ஆடினோம். இந்தத் தடவை அவன் பெரிய நகரம் கட்டவில்லை. இரண்டு, மூன்று அட்டையில் மூடி மூடி ஆளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆரம்பத்திலேயே ஒரு விவசாயியை வயலில் படுக்க வைத்தான். நான் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நகரங்களை நானே முடித்துக்கொண்டு போனேன். நான் மூடிய நகரங்கள் அவன் வயலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

பத்துப் பன்னிரண்டு அட்டைகள் மீதி இருக்கும். அவன் மவுஸை என் பக்கம் நகர்த்தினான்.

"மாமா, அந்த வயல்ல என் ஆள் இருக்கான். பார்த்தீங்களா? இப்பவே சொல்லிட்டேன்."

அப்போதுதான் பார்த்தேன். வேறு வயலில் ஒரு விவசாயியை வைத்து இணைத்தால் சமமாக்கலாம். ஆனால் என் ஏழு ஆட்களும் முடியாத சாலையிலும் நகரத்திலும் மாட்டிக் கிடந்தார்கள். ஒன்றையாவது மூடி ஆளை எடுக்கப் பார்த்தேன். தேவையான அட்டை வரவே இல்லை.

விவசாயிக் கணக்குக்கு முன்னால் வரை நான் 11 புள்ளி முன்னிலை. அவன் வயலைத் தொட்ட முழு நகரங்கள் ஐந்து. 15 புள்ளி. நான்கு புள்ளி வித்தியாசத்தில் அவன் ஜெயித்தான். அந்த ஐந்தில் மூன்று நான் கட்டியது!

எங்கே ஆடலாம்?

எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஆட விரும்பினால், போர்டு கேம் அரீனா என்ற தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டு ப்ரவுசரிலேயே ஆடலாம். வெளியூரில் இருப்பவரோடும் ஆடலாம். ஒருவர் காலையில் ஓர் அட்டை வைக்க, மற்றவர் ராத்திரி பதில் வைக்கும் முறையும் உண்டு. நானும் மருமகனும் இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். இன்ஸ்டால் செய்து ஆடுபவர்களுக்கு ஜேக்ளாய்ஸ்டர்ஸோன் என்ற திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. எதுவானாலும் அதை உருவாக்கியவர்களின் தளத்தில் இருந்தே எடுங்கள். 'முழுப் பதிப்பு இலவசம்' என்று கூவும் முகம் தெரியாத தளங்களில் டவுன்லோட் செய்தால் ஆட்டத்தோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும்.

வீட்டில் ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? முதல் அட்டையை எடுப்பதற்கு முன்னால் பேப்பரை எடுங்கள். இணைத்தால் என்ன ஆகும், வயலில் படுத்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பிறகு ஜெயியுங்கள், தோற்றுப் போங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவர் மறுபடியும் வந்து உட்காருவார்.